குமரி மாவட்டத்தில் எலெக்ட்ரிக் கார்: வீட்டு லைன் முதல் பத்தாம் வருஷப் பேட்டரி வரை

கேள்வி இதுதான்: வீடு மார்த்தாண்டம் பக்கம். வேலைக்காகத் தினமும் நாகர்கோவில் போய்வர 65 கிலோமீட்டர். மாதம் ஒன்றிரண்டு முறை திருவனந்தபுரம், வருஷத்தில் சில தடவை மதுரை, எப்போதாவது சென்னை. கையில் 15 லட்சம். மழையும் கடல்காற்றும் கரண்ட் கட்டும் உள்ள நம்ம ஊரில் எலெக்ட்ரிக் கார் பத்து வருஷம் தாங்குமா?

வாங்கலாம், தாங்கும். ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன்னால் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நம்ம மாவட்டத்தில் இ.வி. (எலெக்ட்ரிக் கார்) வைத்திருப்பவர்களின் தலைவலியில் பெரும்பகுதி காருக்குள் இருந்து வருவதில்லை. கம்பத்தில் இருந்து போர்ட்டிகோ வரை வரும் லைன், மண்ணுக்குள் போகும் எர்த், காருக்கு அடியில் படியும் உப்பு ஆகிய மூன்றில் இருந்துதான் வருகிறது. மூன்றையும் நாமே கவனித்துக்கொள்ள முடியும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுவோம். நாகர்கோவில் ரோட்டில் நெரிசல் அதிகம், வேகம் குறைவு. இந்த ஓட்டத்தில் ஒரு நடுத்தர இ.வி. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் சாதாரணமாகக் கொடுக்கும். 65 கிலோமீட்டருக்கு 9.3 யூனிட். சுவரில் இருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் 10 முதல் 12 சதவீதம் வீணாகும், அதையும் சேர்த்தால் 10.5 யூனிட். சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் மணிக்கு ஏறக்குறைய 3.3 யூனிட் ஏற்றும். ஆக, மூன்றே கால் மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்ப ஏறிவிடும். 10 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தாலும் ஐந்து மணி நேரம் போதும். அதனால் சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜரான வால்பாக்ஸ் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. டீலர் ‘ஃப்ரீயாத்தான் தர்றோம்’ என்று சொன்னாலும், அதற்காக வீட்டு இணைப்பையே மாற்ற வேண்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு வருஷம் 16 ஆம்பியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டை ஒழுங்காகப் போடுவதுதான் முக்கியம். வாஷிங் மெஷினுக்குப் போட்ட பவர் பிளக்கில் காரைச் செருகாதீர்கள். வாஷிங் மெஷின் சில நிமிஷம்தான் முழுக் கரண்ட் இழுக்கும், கார் மணிக்கணக்கில் நிறுத்தாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முதலில் பிளக் சுடும், பிறகு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகும், கடைசியில் உருகி ஒட்டிக்கொள்ளும். டி.பி.யில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) இருந்து தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இவ்வளவும் வேண்டும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் பிடிமானமாக இருக்கும், மழைச்சாரலும் தாங்கும். ஆனால் உங்கள் சார்ஜரின் பிளக் அதற்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் அடாப்டரோ எக்ஸ்டென்ஷன் பெட்டியோ வைத்தால் போட்ட காசெல்லாம் வீண். முதல் வாரம், சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் ஆனதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு டெர்மினல் ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி. பற்றி எலெக்ட்ரீஷியனிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ‘ஏ.சி. டைப்’. காரின் சார்ஜரில் இருந்து டி.சி. (பேட்டரியில் ஓடும் வகைக் கரண்ட்) கசிவு வந்தால் அந்த வகை மந்தமாகிவிடும், ஆபத்து நேரத்தில் விழாது. ‘ஏ டைப்’ கேட்டு வாங்குங்கள். 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விலை கூடினாலும் ‘பி டைப்’ போடுவதுதான் சரி.

வயரிங்கைத் தொடுவதற்கு முன்பே, வெளியில் இருந்து வரும் லைனைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இரவு ஏழெட்டு மணிக்கு மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். பிறகு 2 கிலோவாட் ஹீட்டரை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் 2, 3 வோல்ட் என்றால் லைன் நல்ல நிலையில் இருக்கிறது. 8 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் வயர் மெலிந்தது. 9 ஆம்பியருக்கே 8 வோல்ட் இறங்கும் லைன், 32 ஆம்பியர் வால்பாக்ஸுக்கு 28 வோல்ட் இறங்கும். அந்த 28 வோல்ட்டும் 900 வாட் சூடாக மாறி ஜாயின்டைத் தின்றுகொண்டே இருக்கும். கம்பத்தில் உள்ள ஜாயின்டை நீங்களோ எலெக்ட்ரீஷியனோ தொடக்கூடாது. இ.பி. செக்ஷன் ஆபீஸில் புகார் கொடுத்து வயர்மேனைக் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

நம்ம ஊரில் தென்னை மட்டை லைனில் விழாத மழைக்காலம் கிடையாது. மட்டை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸில் 230க்குப் பதில் 300, 350 வோல்ட் வரை ஏறக்கூடும். டி.வி., ஃபேனோடு காரின் சார்ஜரும் போகும். சார்ஜர் லைனில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும். காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரை மாற்ற வேண்டிவந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்குவதும், சார்ஜர் நின்று நின்று ஓடுவதும் உண்டு. ஸ்டெபிலைசர் தேடி அலைய வேண்டாம். இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி காரிலோ ஆப்பிலோ டைமர் வையுங்கள். ஊர் தூங்கியதும் வோல்டேஜ் தானாகவே ஏறும்.

எர்த். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து காரில் எதுவும் ஏறாமல் நின்றால், முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அதற்கு மேல் போகப்போக சார்ஜர்கள் முரண்டு பிடிக்கும். தக்கலை, குலசேகரம் பக்கம் பாறை மண்ணில் குழி ஆழமாகப் போகாது. கடற்கரை மேட்டில் வெயில் காலத்தில் மணல் காய்ந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரு குழி போதாமல் போகலாம். 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனை இறக்கி, இரண்டையும் தாமிரப் பட்டையால் இணைத்து, எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்து பாருங்கள். சில எலெக்ட்ரீஷியன்கள் சிவப்பு விளக்கை அணைக்க சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிச் செய்பவரை வேலையை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பிற்காலத்தில் 7.2 கிலோவாட் வேண்டும் என்று தோன்றினால், அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டி, சிங்கிள் ஃபேஸ் என்றால் த்ரீ ஃபேஸுக்கு மாற விண்ணப்பியுங்கள். வயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, எம்.சி.பி. 40 ஆம்பியர். மீட்டருக்கும் போர்ட்டிகோவுக்கும் 30 மீட்டர் தாண்டினால் வயர் 10 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். த்ரீ ஃபேஸ் வந்த பிறகும் 7.2 சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் 32 ஆம்பியர் இழுக்கும். ஏ.சி.யையும் கிணற்று மோட்டாரையும் மற்ற ஃபேஸ்களுக்கு மாற்றிவிட வேண்டும்.

இப்போது பில். மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் இரண்டு மாதத்துக்கு 3,250 கிலோமீட்டர், சுமார் 520 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 280 யூனிட் ஆகிறது என்று வைத்தால் மொத்தம் 800. இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படியின் மலிவு விலை போய்விடும். அதற்கு மேலான யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். ‘யூனிட் அஞ்சு ரூபா’ என்ற ஷோரூம் கணக்கு நம்ம பில்லுக்குப் பொருந்தாது. படிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் காரால் கூடும் தொகை இரண்டு மாதத்துக்கு 4,000 முதல் 4,500 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.30. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் இதே தூரத்துக்கு 217 லிட்டர் குடிக்கும், 22,000 ரூபாய்க்கு மேல். வருஷத்துக்கு ஒரு லட்சம் மிச்சம். அதே வகைப் பெட்ரோல் காரைவிட இ.வி. நான்கு லட்சம் கூடுதல் விலை என்றாலும் நான்கு வருஷத்தில் சமமாகும். வருஷம் 6,000 கிலோமீட்டர்கூட ஓடாதவருக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் சமமாகாது. அவர்கள் வேறு காரணத்துக்காக வாங்கலாம், காசு மிச்சமாகும் என்று வாங்க வேண்டாம்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் 3 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி 12 யூனிட் தரும், உங்கள் கார் ஓட்டத்துக்கு அதுவே போதும். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நெட் மீட்டர் இருப்பதால் பகலில் இ.பி. லைனுக்கு ஏற்றியதை இரவில் கார் எடுத்துக்கொள்ளும். கூரையில் தென்னை நிழல் விழுமா என்று மட்டும் காலை முதல் மாலை வரை ஒரு நாள் நின்று பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துக் கீழே கொண்டுவரும்.

எந்தக் கார்? 15 லட்சத்தில் டாடா பஞ்ச், டாடா நெக்ஸான், எம்.ஜி. வின்ட்சர் எல்லாமே உங்கள் தினசரி ஓட்டத்துக்குத் தாராளம். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தாமல் மதுரை போக வேண்டும் என்றால் 45 கிலோவாட் மணி (அதாவது 45 யூனிட் கொள்ளும்) பேட்டரியாவது வேண்டும். விளம்பரத்தில் வரும் ரேஞ்சில் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) மூன்றில் இரண்டு பங்கை நெடுஞ்சாலைக்கும், முக்கால் பங்கை ஊருக்குள்ளும் எதிர்பாருங்கள். 45 கிலோவாட் மணி நெக்ஸானுக்கு அறிவித்தது 489 கிலோமீட்டர். நிஜ ஓட்டத்துக்கு டாடாவே சொல்வது 350 முதல் 375. நாற்கர சாலையில் 100இல் விரட்டினால் 300க்கு அருகில் வரும்.

பேட்டரியின் உள்ளே என்ன வேதியியல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாடா கார்கள், வின்ட்சர், பி.ஒய்.டி., மஹிந்திரா பி.இ. 6 எல்லாம் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. கிரெட்டா எலெக்ட்ரிக், எக்ஸ்.யூ.வி. 400 என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை. எல்.எஃப்.பி. நம்ம வெயிலை நன்றாகத் தாங்கும், அதிகச் சுற்றுகள் உழைக்கும். ஆனால் அதன் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காருக்கே குழப்பம் வரும். வாரம் ஒரு முறை ஸ்லோ சார்ஜில் 100 வரை ஏற்றி, நின்றதும் உடனே பிடுங்காமல் கொஞ்ச நேரம் விட்டால் செல்கள் சமமாகும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் 18 சதவீதம் காட்டிய கார் திடீரென்று 6 காட்டும். என்.எம்.சி. வகையில் இதற்கு நேர் எதிரான பழக்கம் வேண்டும்: தினமும் 80இல் நிறுத்துங்கள், நெடும்பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டம் 2024 செப்டம்பரில் வின்ட்சரோடு கிலோமீட்டருக்கு 3.50 என்று வந்தது. முன்பணம் குறையும் என்பது உண்மை. ஆனால் வருஷம் 20,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அந்த வாடகையே 70,000. கரண்ட் செலவும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 4.80, ஏறக்குறைய டீசல் கார் கணக்கு. உங்கள் ஓட்டத்துக்கு இது வேண்டாம்.

விலை பேசும்போது இரண்டு விஷயம். வருமான வரியில் இ.வி. கடன் வட்டிக்கான 80இஇபி கழிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். இன்றும் சில இடங்களில் அதைச் சொல்லி விற்கிறார்கள். தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ் விலக்கு அரசாணைப்படி தேதி போட்டு நீட்டப்பட்டு வருவது. பதிவு செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு ஆன்ரோடு விலையை ஒப்புக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டில் இ.வி.க்கு 15 சதவீதம் தள்ளுபடி பில்லில் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீரோ டெப்ரிசியேஷனோடு (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் காப்பு) பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் தண்ணீர் புகுந்தால் காப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆற்றங்கரை ஊர்களில் இது இல்லாத பாலிசி எடுப்பதில் அர்த்தமே இல்லை.

டெலிவரிக்கு முன் காரை நேரில் பாருங்கள். தயாரித்த மாதம், 12 வோல்ட் பேட்டரியில் உள்ள தேதி, டயர் தேதி. யார்டில் மாதக்கணக்கில் 5 சதவீதச் சார்ஜில் கிடந்த கார் என்றால் வேறு கார் கேளுங்கள். பதிவு எண் விழுவதற்கு முன்பே ஒரு தடவை ஏ.சி. சார்ஜிலும் ஒரு தடவை டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜிங் கன் மாட்டி எடுக்கும்போது லாக் சிக்குவது, டி.சி.யில் தொடர்பு கிடைக்காமல் போவது எல்லாம் அன்றே தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று: ஹை வோல்டேஜ் வேலைக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக் இந்த மாவட்டத்து சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறாரா, அல்லது பேட்டரியைத் திறக்க வேண்டுமென்றால் கார் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டுமா? கலரையும் சன்ரூஃபையும்விட இந்தப் பதிலுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். பார்ட்ஸுக்காகக் கார் மூன்று வாரம் நின்றால் மாற்றுக் கார் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாரண்டித் தாளில் ‘வாழ்நாள்’ என்று இருந்தால், யாருடைய வாழ்நாள் என்று படியுங்கள். டாடா, மஹிந்திரா, எம்.ஜி. சில மாடல்களுக்குத் தரும் அந்த உறுதி முதல் உரிமையாளருக்குத்தான். கை மாறினால் வருஷமும் கிலோமீட்டரும் வைத்த வரம்புக்கு வந்துவிடும். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண்ணும் அந்தத் தாளில் இருக்கும், குறித்து வையுங்கள்.

பயணம். திருவனந்தபுரம் போய்வர 80 கிலோமீட்டருக்கு உள்ளே, சார்ஜரைத் தேடவே வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் போகும்போதுதான் நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒன்று குறுக்கே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கில் இருந்து கிழக்காகக் காற்று வீசும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதே அதற்காகத்தான். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நீங்கள் 80இல் போகும்போது எதிர்க்காற்று 30 என்றால் கார் உணர்வது 110, தடை 1.9 மடங்கு. அந்த வேகத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி காற்றைத் தள்ளவே போவதால், மொத்தச் செலவு 40, 45 சதவீதம் கூடிவிடும். யூனிட்டுக்கு 7 கொடுத்த கார் 5 கூடக் கொடுக்காது. போகும்போது இதே காற்று முதுகில் தள்ளும், மீட்டர் அழகாகக் காட்டும். அந்த எண்ணை நம்பித் திரும்பினால் பணகுடி, காவல்கிணறு தாண்டியதும் சதவீதம் மளமளவென்று இறங்கும். ஆடி மாதம் மதுரையில் இருந்து வரும்போது திருநெல்வேலியில் 15 சதவீதம் கூடுதலாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். குறைவாக இருந்தால் வேகத்தை 80இல் இருந்து 65க்குக் கொண்டுவாருங்கள், தடை கால்வாசி குறையும்.

மதுரை உங்கள் வீட்டில் இருந்து சுமார் 270 கிலோமீட்டர். 100 சதவீதத்தில் கிளம்பி 85, 90க்குள் ஓட்டினால் 45 கிலோவாட் மணிக் கார் நேராகப் போய்ச் சேரும். சென்னை என்றால் மதுரை, திருச்சி, விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் நிறுத்தங்களை வையுங்கள். ஒவ்வொன்றிலும் 80 சதவீதத்தில் எடுத்துவிடுங்கள், 80இல் இருந்து 100க்கு ஏற அதற்கு முன் ஏறிய அளவு நேரம் பிடிக்கும். போர்டில் 60 கிலோவாட் என்று இருந்தாலும் இரண்டு கன்னிலும் கார் நின்றால் பாதி பாதியாகப் பிரியும் இயந்திரங்கள் உண்டு. போகும் முன் ஆப்பில் அந்த ஸ்டேஷனில் கடைசியாக எப்போது சார்ஜ் ஏறியது என்று பாருங்கள். நேற்று யாராவது ஏற்றியிருந்தால் நம்பிப் போகலாம். குறைந்தது மூன்று நிறுவனங்களின் ஆப்பில் சில நூறு ரூபாய் போட்டு வைத்திருங்கள், ஓ.டி.பி. வராத இடத்தில் நின்று கணக்குத் தொடங்க முடியாது. பொதுச் சார்ஜரில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை ஆகும். அதை மட்டுமே நம்பி ஓட்டினால் டீசலோடு பெரிய வித்தியாசம் இருக்காது. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் இ.வி. சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி உப்பு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி என்று கடற்கரை ஊர்களில் காற்றே உப்பு. மலைப்பக்கம் இருப்பவர்களும் தப்ப முடியாது. மீன் லாரிகளில் இருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் ரோட்டில் படிந்து, பின்னால் வரும் காரின் அடியில் தெறிக்கிறது. இ.வி.யில் இது முதலில் தாக்குவது பிரேக்கை. ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்கு ஏற்றுவது) தான் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கிறது, பிரேக் பேட் டிஸ்கைத் தொடுவதே குறைவு. துரு ஏறிய டிஸ்க் பேடைத் தின்னும். பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிப்போனால் ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், ரேஞ்சும் குறையும். ஓடி வந்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது அதிகம் சுடுகிறது என்று தெரியும். வாரம் ஒரு தடவை வண்டி இல்லாத ரோட்டில் ரீஜெனை பூஜ்யத்துக்கு வைத்து, 60இல் இருந்து 20க்கு நாலைந்து தடவை பிரேக்கை மட்டும் அழுத்தி நிறுத்துங்கள். சர்வீஸில் வருஷத்துக்கு ஒரு முறை காலிப்பர் பின்னைக் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

அடிப்பகுதியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வாட்டர் வாஷில் கொடுங்கள். ஆனால் ஹை வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிள், அதன் கனெக்டர்கள் மேல் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அருகில் நில்லுங்கள். அலுமினியப் பேட்டரித் தட்டும் இரும்பு போல்ட்டும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். லிஃப்டில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை போனில் படமெடுத்து வைத்தால் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடலாம். சார்ஜிங் போர்ட்டின் பின்னில் பச்சைக் களிம்பு வந்தால் கீறிச் சுரண்டாதீர்கள், சர்வீஸில் காட்டுங்கள்.

மழை. பேட்டரி ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அது பேட்டரிப் பெட்டிக்கு மட்டும்தான், முழுக் காருக்கு இல்லை. மேனுவலில் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும், அதுதான் எல்லை. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்ததுபோல் வெள்ளம் வீட்டுக்குள் வந்து கார் நனைந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். திறந்த வெளியில், வீட்டுச் சுவரை ஒட்டாமல் நிறுத்தி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட் பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் சுற்றும்போது மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்து வேறு பாகங்களைக் கெடுக்கும்.

நீண்ட நாளில் பழுதாவது எது? மோட்டாரும் பேட்டரியும் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காரை நடுரோட்டில் நிற்க வைப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. 3, 4 வருஷத்தில் மாற்றிவிடுங்கள். பார்க்கிங்கிலும் ஓடும் டேஷ்கேம், வெளிக் கடையில் வயர் வெட்டிப் போட்ட ஹாரன், லைட் எல்லாம் இதைச் சீக்கிரம் கொல்லும், வாரண்டிக்கும் சண்டை இழுக்கும். அந்த 12 வோல்ட்டைச் சார்ஜ் செய்யும் பகுதியும் கெடுவதுண்டு. 2024இல் ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இ.வி. 6 கார்களை இந்தியாவில் திரும்ப அழைத்தது இதே பகுதிக்காகத்தான். அடுத்தது ஆன்போர்டு சார்ஜர். டி.சி.யில் ஏறுகிறது, வீட்டில் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான், அல்லது உங்கள் எர்த். தொடர்மழையில் கனெக்டருக்குள் ஈரம் போய் இன்சுலேஷன் எச்சரிக்கை வந்து கார் கிளம்ப மறுப்பதும் உண்டு. ஏ.சி. குளிர்ச்சி குறைந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். பல கார்களில் அதே கேஸ் தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கேஸ் கசிந்தால் கோடையில் ஃபாஸ்ட் சார்ஜ் வேகம் பாதியாகும். டயர் பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேயும், எடையும் டார்க்கும் அப்படி.

பேட்டரியின் உடல்நிலையை நீங்களே அளக்கலாம். 10 சதவீதம் வரை ஓட்டி இறக்கி, தனி மீட்டர் வைத்த சாக்கெட்டில் ஒரே மூச்சில் 100 வரை ஏற்றுங்கள். 45 கிலோவாட் மணிப் பேட்டரிக்கு உள்ளே போக வேண்டியது 40.5, இழப்போடு சேர்த்து மீட்டர் 45, 46 யூனிட் காட்ட வேண்டும். புதிதாக வாங்கிய மாதமே ஒரு தடவை அளந்து எழுதிவைத்து, வருஷத்துக்கு ஒரு முறை அதே போல் அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று ஊகம் இல்லாமல் தெரியும். முதல் வருஷம் கொஞ்சம் வேகமாகக் குறைந்து பிறகு நிதானமாகும். நிதானமாகாமல் ஒரே மாதத்தில் சடாரென்று விழுந்தால் அது தேய்மானம் இல்லை. ஒரு செல் பலவீனமாகி, வரிசையில் உள்ள மொத்தப் பேக்கையும் தன் அளவுக்கு இழுக்கிறது. வாரண்டிக்குள் இருக்கும்போதே செல் வோல்டேஜ் அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வளைகுடாவில் வேலை, கப்பல் வேலை என்று மாதக்கணக்கில் வெளியே இருப்பவர்கள் நம்ம மாவட்டத்தில் ஏராளம். கார் மூன்று மாதம் நிற்கும் என்றால் 100இல் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். 50, 60இல் நிழலில் நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, வாரம் ஒரு தடவை யாராவது அரை மணி நேரம் காரை ஸ்டார்ட் செய்து ‘ரெடி’ நிலையில் வைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், 12 வோல்ட் ஏறிக்கொள்ளும்.

ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு பல ஊர்களில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அன்றே காரை நிரப்பி வையுங்கள். வி.டு.எல். வசதி உள்ள கார் என்றால் 3 கிலோவாட் அளவுக்கு வெளியே மின்சாரம் தரும். ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட், போன் சேர்ந்து நாளுக்கு 4, 5 யூனிட் எடுத்தாலும் 45 கிலோவாட் மணிப் பேட்டரியில் ஒரு வாரம் ஓட்டலாம். எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுத்து நேராகப் பொருள்களுக்குக் கொடுங்கள். வெளி லைனைத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு சாக்கெட்டில் திருப்பிச் செருகினால், அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், அறுந்த லைனைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் நிற்கும் வயர்மேனைத் தாக்கும்.